சிப் பாடத்தில் அனலாக் மாற்றிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிப் வடிவமைப்பில் 85,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கும் மத்திய அரசுத் திட்டம் குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செயலிகளைப் பற்றி விரிவாகப் பேசிய அக்கட்டுரை, நாடித்துடிப்போ வெப்பநிலையோ முதலில் எண்ணாக மாறினால்தான் அச்செயலிகளுக்கு வேலையே உண்டு என்பதையும், அந்த வேலையைச் செய்யும் அனலாக்-டிஜிட்டல் மாற்றியையும் ஓரிடத்திலும் குறிப்பிடாதது, இப்பாடத்தை நடத்திவரும் எனக்கு வருத்தம் அளிக்கிறது.

சிறிய மின்கலத்தில் இயங்கும் கருவிகளில் பெரிதும் பயன்படுவது, விடையைப் படிப்படியாக நெருங்கும் எஸ்.ஏ.ஆர். வகை மாற்றி. பெரிய எடைக்கல்லை முதலில் தராசில் வைத்து, அது கூடுதலானால் எடுத்துவிட்டு அதில் பாதியை வைத்துப் பார்ப்பதுபோல, பத்தே ஒப்பீடுகளில் 1,024 நிலைகளுள் உரியதை இது கண்டுபிடித்துவிடும். எடைக்கல்லுக்குப் பதிலாக, மின்னூட்டத்தைச் சேமிக்கும் மின்தேக்கிகளை (கெப்பாசிட்டர்) வைக்கும் முறையை 1975-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களான மெக்ரியரியும் கிரேயும் வெளியிட்டனர். துல்லியத்தில் ஒரு பிட், அதாவது இன்னும் ஓர் ஒப்பீடு, கூட்டினால் மின்தேக்கி வரிசை இரட்டிப்பாகிறது. இடத்தையும் ஆற்றலையும் பெருமளவு விழுங்குவது அதுவே.

தைவானின் செங் குங் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வை என் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வேன். முதல் ஒப்பீட்டை எந்த மின்தேக்கியின் இணைப்பையும் மாற்றாமலே செய்துவிடலாம் என்பதால், வரிசையில் மிகப் பெரிய மின்தேக்கியே தேவையில்லை என்று அவர்கள் காட்டினர். மொத்த மின்தேக்குதிறன் பாதியானது. மின்தேக்கிகளை மாற்றி இணைப்பதில் செலவாகும் ஆற்றல், வழக்கமான முறையைவிட 81 சதவீதம் குறைந்தது. அந்தச் சிப் உருவானது 130 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில்; அதாவது, அன்றைக்கே பழையதாகிவிட்ட ஒன்றில். புதிய ஆலை எதுவும் தேவைப்படவில்லை, இணைப்பு வரிசையைப் பொறுமையாக யோசித்ததே போதுமானதாயிற்று.

மின்தேக்கியை விரும்பியபடியெல்லாம் சுருக்கிவிடவும் முடியாது. வெப்பத்தால் மின்னழுத்தத்தில் தானாக எழும் சிறு அலைவான வெப்ப இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமானால் மின்தேக்குதிறன் நான்கு மடங்காக வேண்டும். சிலிக்கான் பரப்பில் இடத்துக்கு இடம் ஏற்படும் சிறு வேறுபாடுகள் ஒன்றையொன்று ஈடுசெய்யும் விதத்தில், மின்தேக்கிகளை நடுப்புள்ளியைச் சுற்றிக் கோலம் போலச் சமச்சீராக அடுக்க வேண்டும். இவையெல்லாம் கையால் வரைந்து, பிழைபட்டு, மீண்டும் வரைந்து கற்க வேண்டியவை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தார் நொடிக்குப் பத்து லட்சம் மாதிரிகளை வெறும் 1.9 மைக்ரோவாட்டில் மாற்றிக் காட்டியது 2008-இல். நம் கல்லூரிகள் பலவற்றில் அனலாக் ஆய்வகம் இன்றும் 741 என்ற பழைய பெருக்கி ஐ.சி.யோடு முடிந்துவிடுகிறது.

மொகாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் சிப் தயாரிப்பு வசதி இருக்கிறது. இத்தகைய மாற்றிகளைக் கற்க அதுவே தாராளம். தமிழகத்தில் வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) முதுநிலைப் படிப்பு நடத்தும் கல்லூரிகள், தம் மாணவர்களின் மாற்றி வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் தட்டில்) சேர்த்து ஆண்டுக்கொரு முறை அங்கே தயாரித்துப் பெற உயர்கல்வித் துறை வழிசெய்ய வேண்டும். திரும்பி வரும் சிப்பை அளந்து பார்க்கும் கருவிகளுக்கும் அதே திட்டத்தில் பணம் ஒதுக்க வேண்டும். மாணவர் தாம் கணினியில் கண்ட மைக்ரோவாட் கணக்கு மேசைமீதும் அப்படியே வருகிறதா என்று படிப்பை முடிப்பதற்குள் ஒரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்படிக்கு,
மின்னணுவியல் பேராசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்