ஜூடோ சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர், பயிற்சியாளர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆண்டு முழுவதும் நம் பயிற்சி வீச்சுகளின் சுழற்சியைச் சுற்றியே நடந்ததால், இந்த அறிக்கையும் அதைப் பற்றியதே.

இடுப்பில் ஏற்றி வீசும் ஓ-கோஷி விழாமல் போனால் எல்லோரும் கையைக் குறை சொல்கிறோம். குறை பெரும்பாலும் இடுப்பில். வீசுபவரின் இடுப்புதான் சுழல்புள்ளி. அது எதிராளியின் பெல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும், ஏனெனில் நிறைமையம் தொப்புளை ஒட்டி இருக்கிறது. 70 கிலோ ஆளின் நிறைமையம் நம் இடுப்பைக் கடந்து 10 செ.மீ. முன்னே வந்துவிட்டால், புவியீர்ப்பே சுமார் 69 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொடுத்து ஆளைக் கவிழ்த்துவிடும். அதே 10 செ.மீ. பின்தங்கினால் அத்தனையையும் கைதான் ஈடுகட்ட வேண்டும். இடுப்புக்கு 40 செ.மீ. மேலே பிடித்து இழுப்பவருக்கு அது 17 கிலோவுக்கும் மேற்பட்ட இழுப்பு. குசுஷியில், அதாவது சமநிலையைக் குலைக்கும் கட்டத்தில், எதிராளியைக் கால்விரல் நுனிக்குக் கொண்டுவரச் சொல்வது இந்தப் பத்து சென்டிமீட்டருக்காகத்தான்.

காலை நீட்டித் தடுத்து வீழ்த்தும் தாய்-ஓதோஷியில் தடை கணுக்காலருகே இருக்கும், கை ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில். அதே இழுப்புக்கு மூன்று மடங்கு திருப்புவிசை கிடைப்பதால், எடை குறைந்தவர்களுக்கு இதையே முதலில் பரிந்துரைக்கிறோம். நீட்டிய காலின் முழங்கால் சற்று மடங்கி தரை மெத்தையை நோக்கியிருக்க வேண்டும். விறைப்பாக நின்றால் எதிராளியின் எடை பக்கவாட்டில் இறங்கித் தசைநார் கிழியும்.

திரும்பி நுழையும்போது குதிகால் மெத்தையில் ஒட்டக் கூடாது, முன்பாதத்தில் சுழலுங்கள். முழங்கைகளை உடலோடு ஒட்டி வையுங்கள். அச்சிலிருந்து ஒரு நிறையின் தூரம் இரட்டித்தால், அதைச் சுழற்றுவதற்கான எதிர்ப்பு நான்கு மடங்காகும்.

மிகுந்த கவனம் வேண்டியது ஓசோத்தோ-காரி. தோளைப் பின்னே தள்ளி, காலை முன்னே வாரும் இரு எதிர்விசைகள் ஆளை மிக வேகமாகச் சுழற்றிப் பின்மண்டையைத் தரைக்குக் கொண்டுபோகும். ஜப்பானில் பதிவான கடுமையான ஜூடோ தலைக்காயங்களில் இந்த வீச்சே முன்னிலையில் உள்ளது. தலை மெத்தையில் படாவிட்டாலும், திடீர்ச் சுழற்சியே மூளையின் மேற்புறச் சிரைகளை அறுக்கலாம். எனவே முகவாய் மார்பில், பார்வை பெல்ட் முடிச்சில், கை உடலிலிருந்து 30 முதல் 45 பாகையில் என உகெமி (அடிபடாமல் விழும் முறை) கைவந்த பிறகே புதியவர்மேல் இதை வீச வேண்டும்.

இதைச் சங்க விதியாக ஏற்கவும், 20 செ.மீ. தடிமனுள்ள விழுமெத்தை ஒன்று வாங்கவும் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்