பால் திரும்பி வந்த வருடம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அண்ணைக்கும் போசகர் ஐயாவுக்கும், மாட்டுப் பட்டியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு இங்கே வந்து குந்தியிருக்கும் அங்கத்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, இரண்டுக்கு மட்டும் போதிய ஆள் சேரவில்லை. தடுப்பூசி போட்டு முடிந்தது. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் பேசுவார், நான் பேசினால் சண்டை வரும். மிச்ச அறிக்கை முழுக்கச் சீஸ் பற்றியது, பசிக்கிறவர்கள் முதலில் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கதை மார்கழி வெள்ளத்தில் தொடங்கியது. பாதை உடைத்து, பால் எடுக்கிற லொறி இரண்டு நாள் வரவில்லை, மூன்றாம் நாள் வந்தும் புளித்துப் போச்சு என்று கான்களைத் திருப்பிவிட்டார்கள். மாரியில் புல் செழித்து எருமைப் பால் பெருகுகிற நேரமும் அதுதான், விற்க வழியில்லாமல் போகிற நேரமும் அதுதான். வாய்க்காலில் ஊற்றியது மதகு வரைக்கும் வெள்ளையாகப் போனதை எல்லோரும் நின்று பார்த்தோம். தயிர் போடலாம், சரி, ஊர் முழுக்க ஒரே நாளில் தயிர் போட்டால் யார் யாருக்கு விற்பது? அப்போதுதான் ஒருவர் பகிடியாக, "வெள்ளைக்காரன் இதைத்தானே சீஸ் ஆக்கி வைச்சுத் தின்னுறான்" என்றார். பகிடி தீர்மானமாகிவிட்டது.

தீர்மானம் இதுதான்: வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் சொக்லேட்டுக்குப் பதிலாக ஆளுக்கொரு சீஸ் கொண்டுவர வேண்டும், நாம் தின்று பார்த்து, எங்கள் பாலில் எது சரிவரும் என்று சொல்ல வேண்டும். அதுவரை எங்களுக்குச் சீஸ் என்றால் வட்டப் பெட்டிக்குள் வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடப் புத்தகத்தில் வந்த பாற்கட்டி.

சீஸ் தின்று பார்க்கிற நாளை ஒரு வெள்ளிக்கிழமையில் வைத்தது என் பிழை. பால் குடிக்கும் கன்றின் நாலாவது இரைப்பையிலிருந்து எடுக்கிற ரெனெட்டை விட்டுத்தான் பாலை உறைய வைப்பது வழக்கம் என்று நான் விளக்கப் போக, விரதக்காரர் எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். பூஞ்சணத்திலிருந்து எடுக்கிற ரெனெட்டும் இருக்கிறது, இன்னின்ன பக்கெற்றுகளில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்று படலை வரைக்கும் ஓடிப்போய்ச் சொன்னேன். பாதிப்பேர் திரும்பி வந்தார்கள்.

சுவிஸ் எமெந்தால் ஓட்டை ஓட்டையாக இருந்தது, ருசி சாது. ஆனால் அதன் ஓட்டைக் கதை எங்களுக்குப் பிடித்துவிட்டது. உள்ளே பக்றீரியா விடுகிற காற்றுத்தான் ஓட்டை. அந்தக் காற்று சேருவதற்கு, கறக்கும்போது வாளியில் விழுகிற வைக்கோல் துணுக்கு இடம் கொடுக்கிறது என்று 2015இல் அந்த நாட்டு அக்ரோஸ்கோப் ஆராய்ச்சி நிலையம் சொன்னது. பால் சுத்தமாகச் சுத்தமாக ஓட்டை குறைந்துவிட்டதாம். வாளிக்குள் தும்பு கிடக்கிறது என்று வருடம் முழுக்க ஏச்சு வாங்குகிற நாங்கள் இதைக் கேட்டுச் சிரித்தது பக்கத்துக் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

பிரான்ஸ் ரொக்ஃபோர் செம்மறிப் பாலில் செய்து, மலைக்குகையில் வைத்து முதிர விடுவது, உள்ளே நீலப் பூஞ்சணம் நரம்பு நரம்பாக ஓடும். ஒரு பெரியம்மா முகர்ந்துவிட்டு, "மழையில நனைஞ்ச புண்ணாக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டார். முதல் வாய் எனக்கும் அப்படித்தான், இரண்டாம் வாய் பரவாயில்லை, மூன்றாவதை ஒருவரும் பார்க்காத நேரம் எடுத்தேன். சிவப்பு மெழுகு பூசிய ஏடம் கொழும்பிலிருந்து வந்தது. பிள்ளைகள் மெழுகில் யானை செய்தார்கள், சீஸ் அப்படியே கிடந்தது.

எல்லோரும் எனக்கு எனக்கு என்று அடிபட்டது நோர்வேயின் பழுப்புச் சீஸுக்கு. உப்புப் போட்ட பால் ரொபி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பால் திரைந்த பிறகு மிஞ்சுகிற தெளிநீரைக் கொட்டாமல், பாலும் கிரீமும் விட்டு, சீனித்தன்மை கருகிப் பழுப்பாகும் வரை காய்ச்சுவது. 2013 ஜனவரியில் அங்கே ஒரு சுரங்கப் பாதைக்குள் இந்தச் சீஸ் 27 தொன் ஏற்றிய லொறி தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது. அவ்வளவு கொழுப்பும் சீனியும். எங்கள் லொறி வராமலே விட்டது, அவர்களுடையது எரிந்தது.

ஆனால் எங்களுக்கு ஏற்றது என்று நான் சொல்வது லண்டனிலிருந்து வந்த ஹலூமி. தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டுப் போட்டோம், உருகவே இல்லை, மேலே பொன்னிறமானது, கடிக்கப் பல்லில் கீச்சென்றது. சைப்ரஸில் இதை உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். பிரிட்ஜ் இல்லாத ஊருக்கு வேறென்ன வேண்டும்?

செய்தும் பார்த்தோம். பத்து லீற்றர் எருமைப் பால், பார்சலில் வந்த ரெனெட் குளிசை. முதல் தரம் கை பொறுக்கிற சூடு என்று யாரோ சொன்ன கை மண்வெட்டி பிடித்த கை, பால் உறையவே இல்லை. இரண்டாம் தரம் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை வைத்தோம், அது 35 பாகைக்குக் கீழே காட்டாது, ஆகவே அது காட்டத் தொடங்கும் இடத்தில் அடுப்பை இழுத்துவிட்டுக் குளிசையைக் கரைத்து விட்டோம். முக்கால் மணித்தியாலத்தில் கத்தி வைத்தால் பிளக்கிற மாதிரி உறைந்தது. வெட்டி, துணியில் வடித்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றி, பிறகு துண்டுகளை அதே தெளிநீரில் மிதந்து வரும் வரை அவித்து உப்புப் போட்டோம். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. மூன்று கிழமை உப்புத் தண்ணீருக்குள் கிடந்தும் பழுதாகவில்லை. உப்புத்தான் அதிகம், ஊற வைத்துத் தின்ன வேண்டும். ஹலூமி என்ற பெயரை 2021 முதல் ஐரோப்பாவில் சைப்ரஸ்காரருக்கே ஒதுக்கிவிட்டார்கள், ஆகவே எங்களுடையதற்குப் பெயர் இன்னும் இல்லை, யோசனை இருந்தால் கூட்டம் முடியச் சொல்லுங்கள்.

ஐப்பசிக்குள் ரெனெட் குளிசை வேண்டும். கனடாவிலிருந்து வருகிறவருக்கு எழுதிவிட்டேன், சவர்க்காரம் வேண்டாம், பூஞ்சண ரெனெட் மட்டும் போதும் என்று. மிஞ்சிய தெளிநீரில் பழுப்புச் சீஸ் காய்ச்சவென்று கோயிலில் இரவல் வாங்கிய பெரிய தாச்சியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. அடியில் பிடித்தது போகுதில்லை, தர்மகர்த்தா இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்.