அடுப்பைக் கொஞ்சம் அணைத்து வை

டோம்பிவிலி
ஏப்ரல் கடைசி வாரம்

அன்புள்ள கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு வெயில் வந்ததும் முழங்கால் வலி விட்டுவிட்டது, இப்போது வியர்வையைச் சொல்லி முனகுகிறார். ஏதாவது ஒன்று வேண்டுமே அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஆபீஸ், பிள்ளைகளுக்கு ஸ்கூல், அது முடிந்தால் டியூஷன், நீச்சல். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அந்த டெல்லி வெக்கையில் அடுப்பு முன்னால் நிற்க யாருக்கும் தெம்பில்லை, அதனால் வாரத்தில் பாதி நாள் வெளியிலிருந்துதான் சாப்பாடு என்றாய். கடைசியில், "நீயும் வேலைக்குப் போனியே, எப்படிம்மா தினம் சமைச்சே?" என்று கேட்டாய். குக்கர் விசில் அடித்ததைச் சாக்காக வைத்துப் போனை வைத்துவிட்டேன். இதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

நான் தினமும் சமைத்தேன் என்பது உன் ஞாபகம். கோடையில் நான் சமைத்தது ரொம்பக் கொஞ்சம்டா. ஏப்ரல் பிறந்தால் வேலைநாளில் நம் வீட்டில் சாம்பார் கிடையாது. தட்டில் பாதிக்குமேல் பச்சையாகவோ தயிரில் கலந்தோ வந்ததுதான். மாம்பழம் ஒன்றை நறுக்கி ஓரத்தில் வைத்துவிட்டால் நீயும் உன் அக்காவும் வேறெதையும் கவனித்ததே இல்லை. அப்பா மட்டும் "ரசம் இல்லையா?" என்று கேட்பார். "வேணும்னா வையுங்கோ" என்பேன். அவரும் வைக்கக் கற்றுக்கொண்டார், இப்போது என்னைவிட நன்றாகவே வைக்கிறார்.

சாம்பார், ரசம், கறி, கூட்டு, அப்பளம் என்கிற வரிசை, வீட்டில் ஒருத்தி காலையிலிருந்து அடுப்படியிலேயே இருந்த காலத்தில் வந்தது. கும்பகோணத்தில் உன் பாட்டிக்கு அது சரி. கைக்கு உதவியாக இரண்டு மருமகள்கள் இருந்தார்கள். எட்டேகால் ஃபாஸ்ட் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு அது எப்படிச் சரியாகும்? நீங்கள் இருவரும் அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, அது முடியாத நாளில் சமைக்கவே நேரமில்லை என்று முடிவுகட்டி, போனை எடுக்கிறீர்கள். முழுச் சாப்பாட்டுக்கும் ஆர்டர் சாப்பாட்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. கோடைக்காய் எல்லாம் அந்த இடத்துக்கென்றே வருகிறது.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது லேடீஸ் கம்பார்ட்மெண்ட். சாயங்காலம் மும்பை வி.டி. ஸ்டேஷனில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால் பைகள் திறக்கும். ஒருத்தி கொத்தமல்லி ஆய்வாள், இன்னொருத்தி வெண்டைக்காய் நறுக்குவாள். நான் அதிகம் வாங்கியது கொத்தவரங்காய். கத்தி வேண்டாம், நாரை உரித்துக் கையாலேயே ஒடித்துப் போட்டால் தாணா வருவதற்குள் அரைக் கிலோ தயார். வாரத்தில் ஒருநாள் மாட்டுங்காவில் இறங்குவேன். அங்கே ஃபாஸ்ட் நிற்காது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோவில் போய் இறங்கி, மார்க்கெட்டில் புடலங்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை எல்லாம் வாங்கிக்கொண்டு, மறுபடி ஸ்லோவில் குர்லா வந்து வண்டி மாற வேண்டும். அந்த அலைச்சலை அன்றைக்கு நான் அலைச்சலாகவே நினைக்கவில்லை. இப்போது நினைத்தாலே இடுப்பு வலிக்கிறது.

பக்கத்து சீட் மராட்டிக்காரிதான் பன்ஹே என்கிற மாங்காய்ச் சர்பத் போடச் சொல்லிக்கொடுத்தாள். மாங்காயை வேகவைத்துச் சதையைப் பிழிந்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பாட்டிலில் வைத்துவிட்டால், வேண்டும்போது தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிக்கலாம். உங்கள் ஊரில் வறுத்த சீரகமும் கறுப்பு உப்பும் புதினாவும் போடுகிறார்கள். அந்த வெயிலுக்கு அதுதான் பொருத்தம் என்று எனக்கும் தோன்றுகிறது. குக்கரில் இரண்டு விசில், அவ்வளவுதான் வேலை.

போன வருஷம் ஜூனில் அங்கே வந்திருந்தபோது உங்கள் கேட் வாசலில் நிற்கிற தள்ளுவண்டியைப் பார்த்தேன். தோரி, லௌக்கி என்கிற சுரைக்காய், குட்டி உருண்டையாக டிண்டா, நீள நீளமாகக் ககடி என்கிற வெள்ளரி, எல்லாம் அன்று காலை பறித்த மாதிரி. நீ அதைத் தாண்டிப் போய் ஏசி கடையில் காலிஃபிளவர் வாங்கி வந்தாய். டெல்லி வெயிலில் காலிஃபிளவர் வாங்குகிறவனை என்ன சொல்வது? அது குளிர்காலத்துக் காய். ஜூனில் விலையும் அதிகம், ருசியும் இருக்காது, வேகவும் நேரம் பிடிக்கும்.

தோரி என்றால் பீர்க்கங்காய். அதற்குத் தண்ணீரே வேண்டாம். கடுகு, மிளகாய் தாளித்து, நறுக்கிய காயைப் போட்டு உப்புப் போட்டு மூடினால், தானே நீர் விட்டுப் பத்து நிமிஷத்துக்குள் வெந்துவிடும். வேகவைத்த பாசிப்பருப்பு இருந்தால் ஒரு கரண்டி போடு, கூட்டு ஆகிவிடும். சீவிய தோலை எறியாதே. உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் மறுநாள் தோசைக்குத் துவையல். ஆனால் பீர்க்கு, சுரை, வெள்ளரி எதுவானாலும் நறுக்கும்போதே ஒரு சின்னத் துண்டு வாயில் போட்டுப் பார். வெயிலிலும் தண்ணீர்ப் பஞ்சத்திலும் வாடிய கொடியில் சில சமயம் கசப்பு ஏறியிருக்கும். அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது, வயிற்றைப் புரட்டி வாந்தி எடுக்க வைக்கும். கசந்தால் யோசிக்காமல் குப்பையில் போடு. குறிப்பாகச் சுரைக்காய் ஜூஸ் குடிக்கிற உன் ஆபீஸ் நண்பரிடமும் சொல்.

கோசுமல்லி உனக்கே தெரியும். வெளியே கிளம்புமுன் பாசிப்பருப்பை ஊறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், வந்ததும் வெள்ளரியை நறுக்கி, மாங்காயைத் துருவிப் போட்டு, தாளித்துக் கொட்ட வேண்டியதுதான். உப்பைத் தட்டில் பரிமாறும் நேரத்தில் போடு, இல்லாவிட்டால் வெள்ளரி நீர் விட்டுச் சொதசொதவென்று ஆகிவிடும். பருப்புக்குப் புளியும் தக்காளியும் தேடாதே. குக்கரில் வெந்த துவரம்பருப்பில் மாங்காய்த் துண்டுகளைப் போட்டு ஒரு கொதி விட்டால் சாதத்துக்கு அது போதும்.

பிள்ளைகளுக்கு டப்பாவில் தயிர்சாதம் கொடுத்தால் மத்தியானம் புளித்துவிடுகிறது என்கிறாள் மருமகள். தயிரை ஊற்றிக் கலப்பதால் அப்படி ஆகிறது. சாதத்தைச் சூட்டோடு குழைய மசித்து, ஆறியதும் பால் நிறைய விட்டு, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் கலந்து அனுப்பச் சொல். அந்த வெயிலில் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பால் சரியாக உறைந்திருக்கும். அனுப்பச் சொல் என்று எழுதிவிட்டேன் பார். காலையில் டப்பா கட்டுகிறவன் நீதானே, நீயே செய்.

நறுக்கிய காய் பாக்கெட்டில் வருகிறதாமே. வாங்கு, எனக்கு ஒன்றும் மனஸ்தாபம் இல்லை. கொத்தவரையும் பீன்ஸும் யார் நறுக்கினால் என்ன? வெள்ளரியும் தர்பூசணியும் மட்டும் நறுக்கியது வேண்டாம், முழுதாக வாங்கு. பெரியவளுக்கு வெள்ளரி சீவக் கொடு. சின்னவன் கொத்தமல்லி ஆயட்டும். பாதி கீழேதான் போகும், போனால் போகிறது.

மாம்பழத்துக்கு மட்டும் நான் பட்சபாதம் பார்ப்பவள். அங்கே சஃபேதா என்று விற்கிற பங்கனபள்ளியை இப்போது வாங்கிச் சாப்பிடுங்கள், ஜூனில் தசேரி வரும்வரை தாங்கும். கிலோ கணக்கில் மாம்பழம் வாங்குவது எனக்கு இன்னும் பழகவில்லை. இங்கே டஜன்தான். ரத்னகிரி ஹாபூஸ், அதாவது அல்போன்சா, விலை இந்த வாரம்தான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ரத்னகிரி என்று அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதெல்லாம் ரத்னகிரி இல்லை என்பதால், அப்பா ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத்தான் வாங்குகிறார். கடைக்காரன் முகத்தைச் சுளிக்கிறான். அவர் விடுவதாயில்லை.

மார்ச்சில் போட்ட மாவடு நன்றாகச் சுருங்கி ஊறிவிட்டது. எதிர் வீட்டுப் பையன் அடுத்த வாரம் டெல்லி வருகிறான், அவனிடம் ஒரு ஜாடி கொடுத்து அனுப்புகிறேன். கடுகுப்பொடியும் விளக்கெண்ணெயும் இந்த முறை கொஞ்சம் தாராளம். ஈரக் கரண்டி போடாதே, தண்ணீரை எறிந்துவிடாதே. மாவடு தீர்ந்தபின் அந்தத் தண்ணீரை மோரில் ஒரு ஸ்பூன் விட்டுக் குடிக்கலாம்.

பிள்ளைகளுக்கு லீவு எந்தத் தேதியிலிருந்து என்று எழுது. மே மாதத்துக்குள் வந்தால் ஹாபூஸும் நுங்கும் இருக்கும். ஜூன் நடுவில் வந்தால் மழை பிடித்துக்கொள்ளும், அப்புறம் நாவல்பழம்தான். டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்து முடிவு செய். ஆனால் சீக்கிரம் சொல், அப்பா பழக்காரனிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா