உறையாத மண்ணும் குழாயை உடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளிர்நாடுகளில் சாலைக்கு அடியில் உள்ள குடிநீர்க் குழாய்கள் உடைவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, குழாய்க்குள் நீர் உறைந்து விரிவதையே காரணமாகக் கூறியது. நீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும் என்பது உண்மைதான். ஆனால் நீரோட்டமுள்ள பெரிய குழாய் எளிதில் உறைவதில்லை. உறைவது அதன் மேலுள்ள மண். அது அடியிலுள்ள ஈரத்தையும் மேலே இழுத்துப் பாளம் பாளமாகப் பனிக்கட்டியை வளர்ப்பதால், சாலை மேல்நோக்கிப் புடைக்க, கீழே குழாயின்மீது அழுத்தம் ஏறி, பழைய வார்ப்பிரும்புக் குழாய் குறுக்காக முறிகிறது. பனி இளகும்போதும் தொல்லைதான்: மேல்மண் சேறாகிவிட, கீழ்மண் உறைந்தே கிடப்பதால் நீர் வடியாது. அந்த வாரங்களில் லாரிகளின் எடைக்கு வரம்பு விதிப்பது அமெரிக்காவின் மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் வழக்கம்.

சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரி செல்சியஸ். இங்கே மண் உறைவதற்கு வழியே இல்லை. ஆயினும் தண்டையார்பேட்டையின் கடலோர மணலைப் போலன்றி, எங்கள் பெரம்பூர்ப் பகுதியில் இருப்பது களிமண். கத்தரி வெயிலில் சுருங்கி வெடிப்பதும், ஐப்பசி மழையில் ஊறி உப்புவதும் அதன் இயல்பு. தார் மூடிய நடுச்சாலையில் ஈரம் தங்க, ஓரம் மட்டும் காய்வதால், ஓரமாகச் செல்லும் குழாய் ஒரே சீராகத் தாங்கப்படாமல் வளைந்து, இணைப்புகளில் விலகுகிறது.

இந்த இயல்பை நாம் மாற்ற முடியாது. பள்ளத்தை மூடும் முறையையாவது மாற்றலாம். எங்கள் தெருவில் அண்மையில் வெட்டிய பள்ளத்தில், தோண்டியெடுத்த ஈரக் களிமண்ணையே உடைந்த தார்க்கட்டிகளோடு சேர்த்து ஜேசிபியால் தள்ளி, ஒரே மூச்சில் மூடினார்கள். குழாயைச் சுற்றி ஒரு கூடை மணல்கூட விழவில்லை. முதல் மழையிலேயே அவ்விடம் முழங்கால் ஆழம் இறங்கியது. அதன்மேல் சரக்கு லாரி ஏறி இறங்கும்போது ஒவ்வொரு அடியும் குழாய்க்குத்தான். விரிசல் விழுந்த குழாயில் நீரழுத்தம் இல்லாத நேரத்தில் கழிவுநீர் உள்ளே புகுகிறது. அடிபம்பில் முதலில் வரும் தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுப் பிடிப்பது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது.

மழைக்காலத்தில் சாலை வெட்டத் தடை விதிப்பதோடு நில்லாமல், குழாயைச் சுற்றி மணல் நிரப்பி, அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்கியதைப் பொறியாளர் நேரில் பார்த்த பிறகே தார் போட அனுமதிக்க வேண்டும். அதுவரை அத்தெருவில் கனரக வாகனங்களை விடக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெரம்பூர், சென்னை-11.