மஞ்சள் பையைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரத்த தானம் குறித்துத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஒருவர் தரும் ரத்தம் மூவரைக் காக்கும் என்று தொடங்கி, சிவப்பணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்திருந்தீர்கள். ரத்தத்தின் மஞ்சள் நிறத் திரவமான, ரத்த வங்கியில் தனிப் பையில் சேமிக்கும் பிளாஸ்மாவுக்கு ஒரே ஒரு வரி. என் மகன் உயிரோடு நடமாடுவது அந்த ஒரு வரியால்தான்.

அவனுக்கு 12 வயது, 40 கிலோ எடை. பிறவியிலேயே ஹீமோஃபிலியா ஏ. ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி அவன் உடம்பில் இல்லையென்றே சொல்லலாம். வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள் கசியும் ரத்தம்தான் எங்களை அதிகம் படுத்தும். காலையில் முழங்கால் சுடுகிறது என்பான். மாலைக்குள் வீங்கி, மடக்க முடியாமல் போய்விடும். சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில், தயிர்க் கிண்ணத்துக்கு மேல்தட்டில் எப்போதும் அவன் மருந்து இருக்கும். சிறு குப்பிக்குள் வெள்ளைத் தூள். ஊசிநீரைச் சேர்த்து உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும்; குலுக்கினால் நுரைத்துவிடும். பிறகு நிதானமாக ரத்தக் குழாயில் ஏற்றுவேன். அது மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்தது என்று பெட்டியில் இருந்த பொடி எழுத்தை முதன்முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் ஒரு மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் உள்ள எட்டாம் காரணியின் அளவைத்தான் ஒரு யூனிட் என்கிறார்கள். முழங்காலில் கசிவு கண்டால் என் மகனுக்கு 1,000 யூனிட் வரை வேண்டியிருக்கும். தயாரிப்பில் பெரும்பகுதி வீணாகிவிடுவதால், ஒரு லிட்டர் பிளாஸ்மாவிலிருந்து கைக்குக் கிடைப்பது சுமார் 200 யூனிட்தான். அப்படியென்றால் ஒரே ஒரு ஊசிக்கு ஐந்து லிட்டர். ஒருவர் ஒருமுறை தரும் ரத்தத்திலிருந்து கால் லிட்டர் பிளாஸ்மா கிடைத்தாலே அதிகம். குறைந்தது இருபது பேர்! அவர்கள் எந்த ஊரோ, எந்த மொழியோ.

தயாரிக்கும் விதமும் வியப்பானது. ரத்தத்தைச் சுழற்றும்போது சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும்; மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதை விரைவாக உறையவைத்து, பிறகு கடுங்குளிரிலேயே மெல்ல இளகவிட்டால் எட்டாம் காரணியும் வேறு சில புரதங்களும் கரையாமல் வெண்மையாக அடியில் படியும். குளிர்படிவு எனப்படும் அந்தப் படிவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று 1964ல் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் பூல் என்ற பெண்மணி. இந்த நோயுள்ள பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில் அவர் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

என் மாமியாருக்கு இந்த மருந்து என்றாலே அச்சம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்துதான் இதைச் செய்கிறார்கள். 1980களில் அந்த வழியாகவே எச்ஐவியும் கல்லீரல் அழற்சிக் கிருமியும் பல நாடுகளில் ஏராளமான ஹீமோஃபிலியா நோயாளிகளைத் தொற்றின. அது மறைக்கக்கூடாத வரலாறு. ஆனால் அந்தப் பத்தாண்டிலேயே மருந்தைச் சூடேற்றிக் கிருமிகளை அழிக்கும் முறையும், கிருமியின் கொழுப்புறையைக் கரைப்பான் கொண்டு உடைக்கும் முறையும் வந்துவிட்டன. தானம் செய்பவர்களின் ரத்தத்தையும் முன்கூட்டியே சோதிக்கிறார்கள். இவற்றையெல்லாம் மாமியாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல எனக்கு ஒரு துண்டுத்தாள்கூடக் கிடைக்கவில்லை. நானே எழுதிக் காட்டினேன்.

ஆய்வுக்கூடத்தில் செய்யும் எட்டாம் காரணி வந்துவிட்டதே, இனிப் பிளாஸ்மா எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்குத் தரும் இம்யூனோகுளோபுலினுக்கும், தீக்காயம் பட்டவர்களுக்குப் பயன்படும் ஆல்புமினுக்கும் மனிதப் பிளாஸ்மாதான் மூலப்பொருள். பிரசவத்தில் ரத்தம் நிற்காத தாய்க்கு ஏற்றும் குளிர்படிவும் அதிலிருந்தே வருகிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பிளாஸ்மாவை மட்டும் இயந்திரத்தில் பிரித்தெடுத்துக்கொண்டு சிவப்பணுக்களை உடலுக்கே திருப்பி அனுப்பும் முறை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியவில்லை. என் கணவர் வேலையிடத்தில் சொன்னபோது, அங்கிருந்த நான்கு தமிழர்கள் உடனே கேட்டது: எங்கே போகவேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், யார் தரலாம்? ஊட்ரமிலோ டோபி காட் வட்டாரத்திலோ உள்ள ரத்த வங்கிக்கு ஒரு செய்தியாளரை அனுப்பி, அந்த மூன்று கேள்விக்கும் தமிழில் விடை எழுதுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி அவர்களிடம் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய், ஈசூன்