தன் கரண்டைத் தானே தயாரிக்கும் மோட்டாரா?

ஆசிரியருக்கு,

வணக்கம். கரண்ட் பில்லைக் குறைக்க உங்கள் இதழில் வந்த கட்டுரையின் யோசனைகளில் இரண்டை நம்பி யாரும் பட்டறைக்குப் போய் அட்வான்ஸ் கொடுத்துவிடக் கூடாது. ஒன்று, மோட்டாரோடு ஃப்ளைவீலும் (கனமான சுழல் தட்டு) ஆல்டர்னேட்டரும் (சுற்றினால் கரண்ட் தரும் கருவி) பூட்டி, வரும் கரண்டில் அதே மோட்டாரை ஓட்டுவது. மற்றொன்று, மாடித் தொட்டிக் குழாயில் சின்ன டர்பைன் வைப்பது.

முதலாவது. மோட்டாருக்கு 100 வாட் கொடுத்தால் அச்சில் கிடைப்பது 75, 80 தான். பெல்ட் நாலைந்து சதவீதம் தின்னும். பழைய லாரி ஆல்டர்னேட்டர் தனக்கு வந்ததில் 55, 60 சதவீதத்தைத்தான் கரண்டாக்கும்; மிச்சம் சூடாகப் போகும். அதை 230 வோல்ட்டாக்கும் இன்வெர்ட்டர் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் எடுத்துக்கொள்ளும். சுற்றி வந்து மோட்டாருக்குத் திரும்புவது 40 வாட் பக்கம். ஃப்ளைவீல் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. 20 கிலோ எடை, அரை மீட்டர் விட்டமுள்ள தட்டு 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் அதில் இருக்கும் சக்தி சுமார் 2 வாட்-மணி (1000 வாட்-மணிதான் ஒரு யூனிட்). ஒரு எச்பி மோட்டாருக்கு அது பத்து விநாடி காணும். அந்த வேகத்தில் தட்டின் விளிம்பு மணிக்கு 140 கிலோமீட்டரில் போகிறது. வெல்டிங் விட்டால் என்ன ஆகும் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும்.

அப்படியென்றால் செய்து காட்டும்போது எப்படி ஓடுகிறது? பெரும்பாலும் அடியில் பேட்டரி இருக்கும். 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கிறது. 5 வாட் பல்பை அது ஒரு வாரத்துக்கு மேல் எரிய வைக்கும். சில இடங்களில் ஏமாற்றும் எண்ணமே இருக்காது, அளப்பதில்தான் கோளாறு. சாதா மல்டிமீட்டர் சதுர அலை இன்வெர்ட்டரில் 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் போட்டு, அதில் உண்மையில் வேலை செய்யும் பங்கைச் சொல்லும் பவர் ஃபேக்டரை விட்டுவிட்டால் கணக்கு இன்னும் உப்பும். சோதிக்க நினைப்பவர்கள் வெளியே போகும் பக்கம் ஒரு சப் மீட்டரை மாட்டி, 100 வாட் குண்டு பல்பை 24 மணி நேரம் எரிய விடட்டும். வெளி வயர் எதுவும் இல்லாமல், பெட்டியைத் திறந்து வைத்த நிலையில் 2.4 யூனிட் ஏற வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டதும் விற்பவர் பேச்சை மாற்றினால் கிளம்பிவிடலாம்.

தொட்டி விஷயம் சின்னது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து 1000 லிட்டர் முழுவதும் இறங்கினாலும் 27 வாட்-மணி. டர்பைன் சேதாரம் போக 9 வாட் பல்பு ஒன்றரை மணி நேரம் எரியும். அந்தத் தண்ணீரை மேலேற்ற கிணற்று மோட்டார் எடுப்பது இதைப் போல் பல மடங்கு. கடம்பாறை நீர்மின் நிலையத்தில் மின்வாரியம் தண்ணீரை மேலே ஏற்றி இறக்குகிறதே என்பார்கள். அங்கேயும் செலவாகும் யூனிட் கிடைப்பதைவிட அதிகம். தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குக் கைவசம் வைத்துக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு.

வெளியிலிருந்து ஏதாவது வந்தால் கதை வேறு. கேஸ் லைட்டரின் பொறி நம் கட்டைவிரல் அழுத்தத்தில் வருவது. ஏற்காட்டில் எஸ்டேட் ஓடை என்றால் தாராளமாக யோசிக்கலாம், ஏனென்றால் அங்கே தண்ணீரை ஏற்றித் தருவது மழை. 20 லிட்டர் வாளி 4 விநாடியில் நிரம்பினால் விநாடிக்கு 5 லிட்டர். 20 மீட்டர் இறக்கம் இருந்தால், பாதி சேதாரம் போக 490 வாட். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 11 யூனிட்டுக்கு மேல். இங்கே கெடுப்பது குழாய். காசை மிச்சம் பிடிக்க 2 இஞ்ச் போட்டால் நூறு மீட்டர் நீளத்தில் 12, 13 மீட்டர் இறக்கம் உராய்விலேயே போய்விடும்; 3 இஞ்சில் 2 மீட்டருக்குள் நிற்கும். குழாயின் வாயில் சல்லடை இல்லையென்றால் சில்வர் ஓக் சருகு அடைத்துக்கொள்ளும். வாளிக் கணக்கை ஐப்பசியில் எடுக்காதீர்கள், பங்குனியில் எடுங்கள். ஓடையைத் திருப்ப அனுமதியும் வேண்டும்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படம். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் கரண்டை வீட்டு சாக்கெட்டுக்குள் விடுவதாக வரைந்திருந்தது. ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பின்களில் 230 வோல்ட் வெறுமனே நிற்கும். மெயினை அணைக்க மறந்தால் கரண்ட் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி 11,000 வோல்ட் ஆகலாம். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் இருப்பார். ஜெனரேட்டரோ டர்பைனோ எதுவானாலும், லைன் கரண்ட், சொந்தக் கரண்ட் இரண்டில் ஒன்றை மட்டுமே இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வழியாகத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து அந்தப் படத்தை இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்மாபேட்டை, சேலம்.