செயலாளர் ஆண்டறிக்கை: நம் மலையின் குழிவிரியன்கள்

தலைவர் அவர்களுக்கும் வால்பாறை வட்டாரத்து உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மரக்கன்று நடுவதும் பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப்போவதும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி பாம்புகளை இனம் காண்பதற்கே போனது.

மழைக்காலத்தில் கவாத்து (செடியை வெட்டிவிடும் வேலை) முடிந்த தேயிலைக் காட்டில் சருகு ஒதுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவருக்குக் காலில் கடி. முதலில் கொண்டுபோன இடத்தில் சுருட்டை விரியன் என்று எழுதிவிட்டார்கள். கூடப் போன பையனின் கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒன்றரைச் சாண் நீளம், பழுப்பு உடல், இருபக்கமும் கரிய முக்கோணங்கள், மேலே தூக்கிய மூக்கு நுனி, கண்ணுக்கும் நாசிக்கும் நடுவே, குழிவிரியன் என்ற பெயருக்கே காரணமான குழி. சுருட்டைக்குக் குழியே கிடையாது. அது வறண்ட வெட்டவெளிப் பாம்பு, நம் ஈரக்காட்டில் அதற்கு வேலையில்லை. படத்தில் இருந்தது ஹிப்னாலே என்கிற சின்னக் குழிவிரியன். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும்தான் அது உண்டு. கேரளத்திலும் இதைச் சுருட்டை என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2007இல் மருத்துவர்கள் ஆய்வுக் கட்டுரையாகவே அதை எழுதினார்கள்.

பெயர் மாறினால் வைத்தியமும் மாறும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்காகத் தயாராவது. ஹிப்னாலே கடிக்கு அது கேட்காது. இரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் வைத்தியம் செய்ய வேண்டும். தப்பான பெயரைச் சொன்னால் குப்பி குப்பியாக மருந்து ஏறும், ஒவ்வாமை ஆபத்து வேறு. நல்லவேளை, அக்கா தேறி வேலைக்கு வந்துவிட்டார்.

அப்புறம் பச்சைப் பாம்புகள். கொழுந்து பறிக்கும் கைக்கு எதிரே செடி மேலேயே படுத்திருப்பது பெரும்பாலும் பெருஞ்செதில் குழிவிரியன். தலைமேல் ஓடு வேய்ந்ததுபோல் பெரிய செதில்கள் இருக்கும், மற்றவற்றுக்குப் பொடிச் செதில்தான். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழ்வது இது. மலபார் குழிவிரியன் என்று நாம் சொல்லிவந்த பாம்போ பச்சை, மஞ்சள், பழுப்பு என்று பல நிறத்தில் வரும். 2021இல் வந்த ஆய்வு, கணவாய்க்குத் தெற்கே உள்ளதை ஆனைமலைக் குழிவிரியன் என்று தனி இனமாகப் பிரித்துவிட்டது. ஆகவே நிறத்தை வைத்து யாரும் பெயர் சொல்ல வேண்டாம். தலைச் செதிலையும் குழியையும் பாருங்கள், அதுவும் தள்ளி நின்று எடுத்த படத்தில். படத்துக்காக நேரம் கடத்தக் கூடாது. கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மஸ்டர் (வேலையாட்களின் வருகைப் பதிவு) எடுக்கும் இடங்களிலும் எஸ்டேட் ஆஸ்பத்திரிகளிலும் படப்பலகை வைக்கவும், சருகு ஒதுக்கும் பெண்களுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் கேட்டு நிர்வாகங்களுக்கு எழுதவும் செயற்குழு முடிவு செய்துள்ளது. இதற்கும் இவ்வறிக்கைக்கும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்